ஆறாவது அம்மா, ஏழாவது மகன்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற டோக்கன் அக்காவுக்கு அவள் அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். பெரிய சாலைக்குத் திரும்பும் முனையில் இருக்கிற பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுடையது. "அடுத்த டோக்கன்!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் உள்ளே காத்திருக்கிறவர் எழுந்துகொள்வது இருக்கட்டும், வெளியே சிக்னலில் நிற்கிற ஸ்கூட்டர்காரரும் ஒரு கணம் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அதே மேஜை, அதே சத்தம்.

பல்வலிக்காரர்களைச் சமாளிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்காலி நுனியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "இன்னும் ஒண்ணுமே பண்ணலயே, அதுக்குள்ள எதுக்கு முகத்த இப்படி வச்சிருக்கீங்க? வலிக்கும்போது வச்சுக்கலாம்" என்பாள். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்த வாயோடு அப்படியே உள்ளே தள்ளிவிடுவாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிடுவாள். "பயந்தாங்கொள்ளிங்க டாக்டர், ரெண்டுல ஒருத்தர் எப்படியும் வரமாட்டாங்க" என்பது அவள் கட்சி. முக்கால்வாசி நாள் அவள் சொன்னபடியே நடக்கும். இரண்டு பேரும் வந்து நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் நாளில், பல்லைத் துளைக்கிற இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி டாக்டரம்மாவின் குரல் தெருவரை வரும். அக்கா அசரமாட்டாள். ஆனது ஆகட்டும் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிறவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நடுவிலேயே நின்றுகொள்வார். அந்த இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை. அவனை நாங்கள் எல்லோரும் ரேங்க் என்றுதான் கூப்பிடுவோம்.

ரேங்க் முதல் வகுப்பிலிருந்தே முதல் ரேங்க். கடைக்குச் சோப்பு வாங்க அனுப்பினால் எந்தச் சோப்பு, எத்தனை, அது இல்லாவிட்டால் எது என்று கேட்டுக்கொண்டு, கேட்டதை ஒரு முறை திருப்பியும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். குழாயை மூடியபிறகு மூடியிருக்கிறதா என்று மறுபடி திருகிப் பார்ப்பான். கிறுக்கிப் பார்க்கிற தாளுக்கே ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போடுகிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் இவன் எப்படிப் பொறந்தான்?" என்று லிஃப்ட்காரரின் அக்கா வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ரேங்குக்கு ஒரே ஓர் ஆசை. ஊரின் மறுகோடியில், மரங்களுக்கு நடுவே பழைய சிவப்புக் கட்டடமாக நிற்கிறதே, அந்தக் கல்லூரியில் புள்ளியியல் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு அங்கே இருப்பது முப்பது இடம். கேட்டு வருகிறவர்கள் கல்லூரி மதில் சுவரைச் சுற்றி வரிசை கட்டி நின்றாலும் முடியாத கூட்டம். பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை நூற்றுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வைக்கிற நுழைவுத் தேர்வும் நூற்றுக்கு. இரண்டையும் கூட்டினால் எவ்வளவு வருகிறதோ அதுதான் ஆளின் உயரம். நூற்றறுபதைத் தொட்டவனுக்குக் கதவு பெரும்பாலும் திறந்துவிடும், அதற்குக் கீழே என்றால் வாசலில் காத்திருக்க வேண்டும்.

பள்ளி மதிப்பெண்ணில் ரேங்குக்குக் கவலையே இல்லை. தொண்ணூற்றாறு வந்தது. அதற்கே நாலு மார்க் எங்கே போனது என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தான். நுழைவுத் தேர்வில் அறுபத்து நாலு எடுத்தால் போதும். அவனைப் போன்றவனுக்கு அறுபத்து நாலு எல்லாம் ஒரு மார்க்கா என்று கட்டடமே நினைத்தது.

சமையலறை மேஜையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாதிரித் தேர்வு நடந்தது. லிஃப்ட்காரர் கையில் கடிகாரம். நேரம் முடிந்தது என்று அவர் சொன்னபோது பிள்ளை வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். ஐம்பத்திரண்டு.

அக்கா தாளைப் புரட்டிப் பார்த்தாள். "ஏன்டா, கடைசிப் பக்கத்தத் திருப்பவே இல்லயா?"

"திருப்புறதுக்குள்ள அப்பா நேரமாச்சுன்னுட்டாரு."

"முன்னாடி பக்கத்துல அப்படி என்னதான் பண்ணிட்டிருந்த?"

"சரிபாத்தேன்."

"எத்தன தடவ?"

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

பள்ளித் தேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்து, வழியெல்லாம் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் மார்க் போடுவார்கள். அங்கே அவன் ராஜா. இங்கேயோ நாலு விடையில் ஒன்றை வட்டமிட்டுவிட்டு ஓட வேண்டும். ஓட்டம் என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்காரவே மாட்டேன் என்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"எழுந்திரு. நானும் கூட உக்காந்து எழுதுறேன்" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் தெரியாது. என் மார்க்கப் பாத்தா உனக்குத் தைரியம் வந்துடும்."

சொன்னபடியே நாற்பத்தெட்டு எடுத்தாள். அந்த வாரம் முழுவதும் பையன் நன்றாகச் சாப்பிட்டான். அம்மாவுக்கு எங்கெங்கே தப்பு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து விளக்கினான். நிகழ்தகவு, சராசரி, விகிதம் என்று அவள் பள்ளியோடு மறந்துபோனதையெல்லாம் தாளில் கோடு போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுத்தான். அவன் சொல்லிக்கொடுக்கிற அழகே தனி. கேட்கிறவர்களுக்குப் புரியாமல் இருக்க வாய்ப்பே வைக்கமாட்டான். வினை அங்கேதான் பிடித்தது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி மேஜையில் ஒரு டோக்கனுக்கும் இன்னொரு டோக்கனுக்கும் நடுவே இரண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். மாத்திரை எழுதிக் கொடுக்கிற நேரத்தில் ஒன்று, பல் அச்சு காய்கிற நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க் மகனைத் தாண்டியது. நாலாவது ஞாயிறு எண்பதைத் தொட்டது. அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள். தெரிந்ததைப் போடுவாள், தெரியாததைத் தாண்டுவாள், நேரமிருந்தால் திரும்பி வருவாள், வந்தும் தெரியவில்லை என்றால் அழகாக இருக்கிற விடையை வட்டமிடுவாள்.

"அழகான விடைன்னா என்னம்மா?" என்று ரேங்க் வயிறு எரியக் கேட்டான்.

"பாத்தாலே தெரியும்டா."

விண்ணப்பம் போட்டதும் அவன்தான். அதை யாரும் மறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன்னுடையதை முடித்தவன் திரும்பி, "அம்மா, தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீயும் வா" என்றான்.

"வராம? வாசல்ல நிக்கிறேன்."

"வாசல்ல இல்ல. உள்ள. வயசு எல்லாம் அவங்க பாக்கறதில்ல. விதிய முழுசாப் படிச்சுட்டேன்."

பரணிலிருந்து அக்காவின் பழைய மதிப்பெண் சான்றிதழை இறக்கினார்கள். அறுபத்து நாலு. பள்ளியில் அவள் மக்கு இல்லை. கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், வழி எழுதச் சொன்னால் விடையை மட்டும் எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவாள், அவ்வளவுதான். "உட்கார வைப்பதற்குள் எங்கள் உயிர் போகிறது" என்று அவளுடைய டீச்சர் அவள் அப்பாவிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

ரேங்க் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தான். "நீ தொண்ணூத்தாறு எடுத்தாத்தான் நூத்தறுபது. வாய்ப்பே இல்ல. அதனால பயப்படாம எழுது."

"எனக்கென்னடா பயம்? பயமெல்லாம் உன் டிபார்ட்மெண்ட்."

தேர்வு நாளில் இருவருக்கும் வேறு வேறு அறை. வாசலில் நின்ற மேற்பார்வையாளர் அக்காவை மறித்தார். "பெத்தவங்க எல்லாம் வெளியில இருக்கணும்மா."

"பெத்தவதாங்க. எழுதவும் வந்திருக்கேன்" என்று நுழைவுச் சீட்டை நீட்டினாள். அவர் சீட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். பக்கத்து மேஜையில் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பழக்க தோஷத்தில் அவளிடம் குனிந்து, "ஒண்ணும் வலிக்காதும்மா, வாய மட்டும் நல்லாத் தெற" என்று பாதி சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்ததில் நகம் தப்பியது.

வெளியே வந்தபோது ரேங்கின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்டேம்மா" என்றான். அவனைப் பொறுத்தவரை அது மலையேறின கதை. அக்கா நடுச்சாலையில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் நெளிந்தான்.

முடிவு வந்த அன்று மூன்று பேரும் அதே சமையலறை மேஜையில் இருந்தார்கள். ரேங்குக்கு அறுபத்தொன்று. கூட்டினால் நூற்றைம்பத்தேழு. மூன்று மார்க்கில் நழுவியது. அப்புறம், செய்வதை முழுசாகச் செய்கிற அவன் குணப்படி, அம்மாவின் எண்ணையும் போட்டுப் பார்த்தான்.

தொண்ணூற்று நாலு.

"தப்பா இருக்கும்" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா" என்றான் அவன், யாரோ எதிர்வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில். தொண்ணூற்று நாலும் அறுபத்து நாலும் நூற்றைம்பத்தெட்டு. மகனை விட ஒரு மார்க் கூட. லிஃப்ட்காரர் எழுந்துபோய் யாரும் கேட்காத டீயைப் போட ஆரம்பித்தார்.

அந்த வருஷமும் கதவு நூற்றறுபதில்தான் மூடியது. முப்பது இடமும் போயிற்று. ஆனால் பெரிய மார்க் எடுத்தவர்களில் சிலர் வேறு கல்லூரிக்குப் பறந்துவிடுவார்கள், அவர்கள் விட்டுப்போகிற இடத்துக்குக் காத்திருப்போரை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அந்த வரிசையில் அம்மா ஆறாவது. மகன் ஏழாவது. ஆறு வரை வருமா, ஏழு வரை வருமா, யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் நாலோடு நின்றிருக்கிறது, இன்னொரு வருஷம் ஒன்பது வரை போயிருக்கிறது.

செய்தி தெரிந்த மறுநாளே லிஃப்ட்காரரின் அக்கா வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு தயாராக இருந்தது. "நல்லதாப் போச்சு போ. நீ வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா அவன் ஆறாவது ஆயிடுவான்." மேஜை மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிற மாதிரி சொன்னாள்.

"ம்" என்றாள் டோக்கன் அக்கா.

"என்ன ம்?"

"யோசிக்கிறேன் அண்ணி."

"இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பெத்தவ நீ."

"மார்க் எடுத்தவளும் நான்தானே அண்ணி."

டம்ளர் மேஜையில் டங்கென்று இறங்கியது கீழ்மாடி வரை கேட்டது. "டேய், நீ வாயத் தெறந்து ஏதாவது சொல்லுடா" என்று அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் என் வீட்டுலதான் இருக்காங்க. நான் யாருக்கு, என்னக்கா சொல்றது?" என்றார் லிஃப்ட்காரர்.

அதோடு கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. படியில் நின்று பேசினால் ஒருவர், பிள்ளை வருஷம் முழுக்க முதுகு வளைத்துப் படித்ததுக்கு என்ன மதிப்போ, ஒரு நாள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வட்டமிட்டதுக்கும் அதே மதிப்பா என்பார். இன்னொருவர், அதைக் கல்லூரிக்காரனிடம் போய்க் கேளுங்கள், அவன் இரண்டையும் சரிசமமாக எடைபோட்டால் அக்கா என்ன செய்வாள் என்பார். இரண்டு கட்சிக்காரர்களும் கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: எப்படியும் அக்கா விட்டுக்கொடுத்துவிடுவாள். அம்மாக்கள் அப்படித்தானே.

டாக்டரம்மாவும் அதையேதான் நினைத்தார். முகமூடிக்குள்ளிருந்து, "விட்டுக்குடுத்துடுவேல்ல?" என்று கேட்டார்.

"ஏன் டாக்டர்?"

"இல்ல, நீ காலேஜுக்குப் போயிட்டா இங்க மேஜைய யாரு பாத்துக்கிறது?"

அக்காவுக்கு அன்றைக்கு அந்த ஒரு பதில்தான் பிடித்தது. மற்ற எல்லோரும் மகனுக்காகப் பேசினார்கள், டாக்டரம்மா மட்டும் தனக்காகப் பேசினார், அதில் ஒளிவுமறைவு இல்லை என்றாள்.

வெளியே இப்படி வாயாடினாலும் உள்ளுக்குள் அவள் தவித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த வாரம் ஒரே நேரத்துக்கு மூன்று பேரை வரச் சொன்னாள், மூன்று பேரும் வந்தார்கள். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி போனிலிருந்து கல்லூரி அலுவலகத்துக்கே பேசினாள். பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் எண்ணைச் சுழற்றினாள். எதிர்ப்பக்கம் ஒருவர் எடுத்ததும், "உங்க ஆபீஸ் எத்தன மணி வரைக்குங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலைக் காதில் வாங்காமலே வைத்துவிட்டாள்.

ரேங்க் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவனுக்கு வேறொரு கல்லூரியில் இடம் உறுதியாகியிருந்தது. அங்கே நுழைவுத் தேர்வெல்லாம் கிடையாது, பள்ளி மதிப்பெண் மட்டும்தான். அதே புள்ளியியல்தான். அவன் பெயர் முதலில் இருந்தது. இருந்தாலும் சிவப்புக் கட்டடம் சிவப்புக் கட்டடம்தானே.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அம்மாவும் மகனும் தனியாக அகப்பட்டார்கள். கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டே அக்கா கேட்டாள், "நேராச் சொல்லு. உனக்கு அந்த சீட்டு வேணுமா?"

"வேணும்."

அவள் இரண்டு துண்டை மடித்து வைத்தாள். "எனக்கும் வேணும்டா" என்றாள்.

அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் எதையாவது வேண்டும் என்று சொல்லி அவன் கேட்டதில்லை போலும்.

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா என்ன சொல்றது? அந்த ஞாயித்துக்கிழமைங்க எனக்குப் பிடிச்சுது. நீ சொல்லிக்குடுத்தது பிடிச்சுது. இன்னும் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. உனக்கு எதுக்கோ அதுக்குத்தான் எனக்கும்."

அவன் சொன்னான், "நீ விட்டா நான் எடுத்துக்குவேன். வேண்டாம்னு நல்லவன் மாதிரி எல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா நானா வந்து கேக்க மாட்டேன்."

"நீ கேட்டா நான் விட்டுடுவேன்" என்றாள் அக்கா. "அதனால கேக்காத."

அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான். வழக்கம்போல டப்பா மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. கோபத்தோடுதான் கேட்காமல் இருந்தான், ஆனாலும் இருந்தான். அத்தை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா காலப் பிடிச்சுக் கேளுடா, எரங்கிடுவா" என்று சொல்லிக்கொடுத்தபோது, "தெரியும் அத்த, அதனாலதான் கேக்கல" என்றானாம்.

வரிசை நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சீக்கிரமே போயின. நாலும் ஐந்தும் இழுத்தடித்தன. ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி மேஜையில் அக்காவின் கைபேசி அடித்தது. எதிரே பஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர், சாவியைத் தேடுகிற ஒரு பெண்மணி, உள்ளே இயந்திரச் சத்தம். கல்லூரியிலிருந்து ஒரு குரல், ஓர் இடம் காலியாகியிருக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டது.

அக்கா எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் எழும்பவில்லை. "சேர்றேங்க" என்று காற்றாக வந்தது. அங்கே இருந்தவருக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

"சேர்றேன்னு சொன்னேங்க!"

பஞ்சுக்காரர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

வீட்டில் சொன்னபோது ரேங்க், "சரி" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டு, இருட்டுகிற நேரத்துக்கு ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். "ஏழு வரைக்கும் வருமான்னு பாக்கலாம்" என்றான். எல்லோரும் பார்த்தார்கள். அக்கா அவன் கைபேசியை விட்டு நகரவில்லை. ஆறோடு நின்றுவிட்டது. அவன் தனக்காகக் காத்திருந்த கல்லூரியில் போய்ச் சேர்ந்தான்.

அத்தை அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். தம்பிக்கு மட்டும் போன் செய்வாள். "மாணவி வீட்டுல இருக்காளா?" என்று கேட்டுவிட்டு, இருக்கிறாள் என்றால் வைத்துவிடுவாள். ரேங்க் வீட்டில் பேசினான், ஆனால் எல்லாம் சாவி எங்கே, தண்ணீர் வரவில்லை, மின்சாரம் போய்விட்டது என்கிற வகைப் பேச்சு. அக்கா அவனைத் தொந்தரவு செய்யவில்லை. சமாதானம் சொல்லவும் போகவில்லை. காலையில் அம்மா ஒரு பேருந்திலும் மகன் எதிர்ப்பக்கப் பேருந்திலும் ஏறுவதை நாங்கள் ஜன்னலிலிருந்து பார்ப்போம். இரண்டு பேர் தோளிலும் ஒரே மாதிரிப் பை, ஒரே கடையில் லிஃப்ட்காரர் வாங்கியது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சாயங்கால வேலை மட்டும் என்றானது. காலைக்கு டாக்டரம்மா ஒரு பெண்ணை வைத்தார். அந்தப் பெண் "அடுத்தவங்க வரலாங்க" என்று சொல்வது அவளுக்கே கேட்காது. ஆட்கள் மத்தியானம் வரை நாற்காலியிலேயே தூங்கிவிட்டு வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போனார்கள். கல்லூரியில் அக்காவை முதல் வாரம் மேடம் என்றார்கள், அடுத்த வாரம் ஆன்ட்டி என்றார்கள். வருகைப் பதிவின்போது அவள் "உள்ளேன்!" என்று சொன்னதில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். அதற்கப்புறம் பிள்ளைகள் காரணம் கேட்டு ஆஸ்பத்திரிக் கதையைத் தெரிந்துகொண்டதில், அங்கேயும் அவள் டோக்கன் ஆகிவிட்டாள்.

முதல் தேர்வின் விடைத்தாள் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று.

மறைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. சமையலறை மேஜையில் அதை அப்படியே போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள். ரேங்க் தண்ணீர் குடிக்க வந்தவன் தாளைப் பார்த்தான், குனிந்தான், எடுத்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் பேராசிரியர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: வழி எங்கே? வழி எங்கே? கடைசிப் பக்கத்தில் அவருக்கே அலுத்துப்போய், "வழி?" என்று மட்டும் இருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறி இருமிக்கொண்டே சிரித்தான். பல மாதம் கழித்து அந்த வீட்டில் அவன் சிரிப்பு கேட்டது. அடுத்த அறையிலிருந்து லிஃப்ட்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"சிரிக்காதடா. விடை எல்லாம் சரியாத்தான் இருக்கு. மார்க் போட மாட்டேங்கிறாரு."

"வெறும் விடைய எழுதினா அவரு எப்படிம்மா நம்புவாரு?"

"நான்தான் சொல்றேன்ல."

"நீ யாரு?"

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம் வசதியாகப் பக்கத்தில் இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேலைத் தேடி ஓரக்கோடு போட்டான். "முதல் கணக்கு. தெரிஞ்சது என்ன, கண்டுபிடிக்க வேண்டியது என்ன, தனித்தனியா எழுது. ஒரு வரிய விட்டா நான் எழுந்து போயிடுவேன்."

எழுதினாள். மூன்றாவது வரியில் அவன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "எனக்குக் கோவம் இன்னும் போகல."

"தெரியும்."

"கொஞ்சம்தான் இருக்கு."

"இருக்கட்டும். போகணும்னு நான் சொல்லலயே."

"சரி, இங்க அடைப்புக்குறி எங்க?"

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. அக்கா வகுப்பில் நடுவில் எங்கேயோ இருக்கிறாள். ஒரு பாடத்தில் மட்டும் இரண்டாவதாக வந்தாள். அதை டாக்டரம்மா, மயக்க ஊசி போட்டு வாய் மரத்துக் கிடந்த ஒருவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். ரேங்க் அவன் கல்லூரியில் முதல் ரேங்க், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் மேல்படிப்புக்குச் சிவப்புக் கட்டடத்துக்கே விண்ணப்பம் போடப் போகிறான். அதற்குக் கல்லூரி மதிப்பெண் பாதி, நேர்காணல் பாதி என்று விதியை முழுசாகப் படித்து வைத்திருக்கிறான்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் போன வாரம் அத்தை தம்பிக்குப் போன் போட்டாள். இந்த முறை மாணவி இருக்கிறாளா என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏன்டா, அதுக்கு அவளும் விண்ணப்பம் போடப் போறாளா?"

மேஜையின் ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் ரேங்க். இரண்டு பேரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் இரண்டு தலையையும் பார்த்தார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு பால்கனிப் பக்கம் நகர்ந்துபோய், "கேக்க பயமா இருக்குக்கா" என்றார்.